ஊரை விட்டுக் கற்றலும் ஊரில் இருந்து கற்றலும்: துறையூர், திருச்சிராப்பள்ளி வட்டாரத்தை முன்வைத்துப் பொது மருத்துவர் தொடர்கல்வியின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவப் படிப்பை முடித்துச் சிற்றூரில் தொழில் நடத்தும் பொது மருத்துவர் அதன்பின் எங்கே, எவ்வாறு, யாருடைய ஏற்பாட்டில் கற்கிறார் என்பதே இக்கட்டுரையின் வினா. திருச்சிராப்பள்ளி வட்டாரத்தையும் அதன் வடபுலத்தில் உள்ள துறையூரையும் நோக்குமுனையாகக் கொண்டு, ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக்காலத் தமிழ் மருத்துவக் கல்வி வரலாறு இங்கே படிக்கப்படுகிறது. மருத்துவரின் மறுகல்வி பெரும்பாலும் 'ஊரை விட்டுச் செல்லும் பயணம்' என்ற வடிவிலேயே கருதப்பட்டு வந்தது என்பதும், 'இருந்த இடத்தில் கற்றல்' என்ற மாற்றுவழி தமிழில் முன்னரே தோன்றியும் தொடர்ச்சி பெறவில்லை என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

திறவுச்சொற்கள்: தொடர் மருத்துவக் கல்வி, பொது மருத்துவர், எல்.எம்.பி., தி.சே.செள. இராஜன், சாமுவேல் கிறீன், துறையூர்

முன்னுரை

பச்சைமலையின் அடிவாரத்தில், திருச்சிராப்பள்ளிக்கு வடக்கே ஏறத்தாழ 45 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது துறையூர். முன்னாளில் ஜமீன் ஊர். முசிறி வட்டத்தைச் சேர்ந்திருந்து பின்னர்த் தனி வட்டத்தின் தலைமையிடமாயிற்று. இரயில் பாதை அதனைத் தொடவில்லை. முசிறி, பெரம்பலூர், ஆத்தூர், திருச்சிராப்பள்ளி எனப் பிரியும் சாலைகளே அவ்வூரைப் பிற ஊர்களோடு இணைப்பவை. மலைமேல் வாழும் மலையாளிப் பழங்குடியினரும் சமவெளியின் உழவரும் நோயுற்றால் முதலில் வந்து சேர்வது இவ்வூரின் அரசு மருத்துவமனைக்கு. அல்லது கடைத்தெருவில் உள்ள ஒரு மருத்துவரின் சிகிச்சையகத்துக்கு.

மாலை இருட்டில் வயலில் பாம்பு கடித்த ஒருவரை அத்தகைய சிகிச்சையகத்துக்குத் தூக்கி வருகின்றனர் எனக் கொள்வோம். கடிவாய்க்கு மேலே இறுகக் கட்டுப் போடுவதும், கீறி இரத்தம் வடிப்பதும் பழைய பாடங்களில் இருந்தவை. 2000களின் பிற்பகுதியில் வெளியான தேசியப் பாம்புக்கடிச் சிகிச்சை நெறிமுறை இவ்விரண்டையும் விலக்கியது. அதற்கு மாறாக அது மருத்துவரிடம் கேட்பது மிக எளிய ஒரு சோதனையை: சில மில்லிலிட்டர் இரத்தத்தைச் சுத்தமான, உலர்ந்த கண்ணாடிக் குழாயில் எடுத்து, 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, பின் சாய்த்துப் பார்க்க வேண்டும். உறையாமல் ஓடினால் விரியன் வகை நஞ்சு உடலில் பரவியிருக்கிறது எனக் கொள்ளலாம். குழாய் சலவைத்தூள் இட்டுக் கழுவப்பட்டதாக இருந்தால் இரத்தம் உறையாமல் நின்று முடிவு பிழைத்துவிடும். இந்தச் சிறு எச்சரிக்கையை அறிந்திருப்பதற்கும் அறியாதிருப்பதற்கும் இடையே ஓர் உயிர் ஊசலாடக்கூடும்.

1985இல் கல்லூரியை விட்டு வெளிவந்த மருத்துவர் இந்நெறிமுறையைக் கல்லூரியில் கற்றிருக்க இயலாது. அவர் அதனைப் பிறகே கற்றிருக்க வேண்டும். அந்தப் 'பிறகு' என்பதன் வரலாறு நம்மிடையே போதிய அளவு எழுதப்படவில்லை. மருத்துவக் கல்லூரிகளின் தோற்றம், சித்த மருத்துவச் சுவடிகளின் பதிப்பு, கொள்ளைநோய்களின் சமூக வரலாறு ஆகியவை ஆய்வாளரின் கவனத்தைப் பெற்றுள்ளன. பட்டம் பெற்றபின் நாற்பது ஆண்டுகள் ஒரே தெருவில் தொழில் செய்யும் மருத்துவரின் கற்றல் அவ்வாறு கவனிக்கப்படவில்லை.

சொல் குறித்து ஒரு விளக்கம் தேவை. 'பொது மருத்துவம்' என்ற தொடர் இன்று பட்டமேற்படிப்புத் துறையொன்றின் பெயராகவும் வழங்குகிறது. இக்கட்டுரையில் 'பொது மருத்துவர்' என்பது அடிப்படைத் தகுதியுடன், வயது, பால், நோய் என்ற வேறுபாடின்றி வருவோர் அனைவரையும் பார்க்கும் மருத்துவரையே குறிக்கும். மக்கள் வழக்கில் அவர் 'குடும்ப டாக்டர்'.

ஸ்ரீரங்கத்திலிருந்து இலண்டனுக்கு

திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் இவ்வரலாற்றைத் தொடங்குவதற்குத் தகுந்த மனிதர் மருத்துவர் தி.சே.செள. இராஜன் (1880-1953). ஸ்ரீரங்கத்தில் பிறந்த அவரை விடுதலைப் போராட்ட வரலாறு நன்கு அறியும். 1930 ஏப்ரல் 13 அன்று இராஜாஜியின் தலைமையில் வேதாரணியம் நோக்கிய உப்புச் சத்தியாக்கிரக நடைப்பயணம் புறப்பட்டது திருச்சிராப்பள்ளியில் இருந்த இவருடைய இல்லத்திலிருந்துதான். இலண்டனில் வரகனேரி வ.வே.சு. ஐயருடன் இந்தியா விடுதி வட்டத்தில் பழகியவர் என்பதும், பின்னாளில் ஐயரின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் என்பதும் இலக்கிய மாணவர் அறிந்தவை. 'நினைவு அலைகள்' என்ற அவருடைய தன்வரலாறு தமிழ்த் தன்வரலாற்று நூல்களுள் குறிப்பிடத்தக்க ஒன்று. ஆனால் அவர் ஒரு மருத்துவராக எவ்வாறு கற்றார் என்ற கோணத்தில் அவ்வாழ்க்கை அதிகம் படிக்கப்பட்டதில்லை.

இராஜன் பயின்றது சென்னை இராயபுரம் மருத்துவப் பள்ளியில். 1835இல் பள்ளியாகத் தொடங்கி 1850இல் கல்லூரியாகிய சென்னை மருத்துவக் கல்லூரிக்கும் இராயபுரத்துக்கும் இடையே இருந்த வேறுபாடு பெயரளவினது அன்று. கல்லூரி பல்கலைக்கழகப் பட்டம் வழங்கியது. பள்ளி குறுகிய காலப் பயிற்சியில் தொழிலுக்கான தகுதியை வழங்கியது. பள்ளியில் பயின்றவர் எவ்வளவு திறமையுடையவராயினும் அரசுப் பணியில் கீழ்நிலையிலேயே நிறுத்தப்பட்டார். இராஜன் பர்மாவுக்குச் சென்று சிறிது காலம் பணியாற்றினார். 1907இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். மிடில்செக்ஸ் மருத்துவமனையில் பயின்று 1911இல் எம்.ஆர்.சி.எஸ். தகுதி பெற்றார். தாயகம் திரும்பிய பின், 1923இல் திருச்சிராப்பள்ளியில் சொந்தமாக மருத்துவமனை தொடங்கினார்.

ஸ்ரீரங்கம், இராயபுரம், இரங்கூன், இலண்டன், திருச்சிராப்பள்ளி என்னும் இந்த வழித்தடம் தனிமனித முயற்சிக்குச் சான்று என்று கூறிவிட்டு நகரலாம். அது மட்டும் போதாது. தொழிலில் இறங்கியபின் தம் அறிவை வளர்த்துக்கொள்ள விரும்பிய ஒரு மருத்துவருக்கு அக்காலத்தில் கிடைத்த வழி இதுவே. தொழிலைக் கைவிட வேண்டும். ஊரைக் கைவிட வேண்டும். கடல் கடக்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். ஓர் அந்தண இளைஞருக்கு அன்றைய ஸ்ரீரங்கத்தில் கடல் கடத்தல் என்ன பொருளுடையது என்பதை விளக்கத் தேவையில்லை. இத்தனை விலையைக் கொடுக்க இயன்றவர் எத்தனை பேர்? இயலாதவர் தாம் பள்ளியில் கற்றதையே ஆயுள் முழுதும் கைமுதலாகக் கொண்டு தொழில் நடத்தினர்.

பள்ளி மருத்துவரும் கல்லூரி மருத்துவரும்

1914ஆம் ஆண்டின் சென்னை மருத்துவப் பதிவுச் சட்டம் மேனாட்டு மருத்துவம் செய்வோரின் பெயர்ப்பதிவேட்டை உருவாக்கியது. தகுதிச் சான்றைக் காட்டிப் பெயரைப் பதிந்துகொண்டால் போதுமானது. அதன்பின் அவர் புதிதாக எதனையேனும் கற்றாரா என்று வினவும் ஏற்பாடு அச்சட்டத்தின் நோக்கில் இல்லை. நன்னடத்தை தவறினால் பெயர் நீக்கப்படலாம். அறிவு பழையதாகிவிட்டது என்பதற்காக எவர் பெயரும் நீங்காது. அக்காலத்தில் உலகின் பிற பகுதிகளிலும் நிலை இதுவே என்பதை நேர்மையாகச் சொல்ல வேண்டும்.

நீதிக்கட்சி அரசு 1924ஆம் ஆண்டளவில் தொடங்கிய ஊரக மருத்துவ உதவித் திட்டம், பள்ளிகளில் பயின்று எல்.எம்.பி. தகுதி பெற்ற மருத்துவர்களை மானியம் கொடுத்துச் சிற்றூர்களில் குடியமர்த்த முயன்றது. மருத்துவர் அவ்வூரிலேயே தங்கித் தனித்தொழில் செய்வார். ஏழைகளுக்கு இலவசமாகச் சிகிச்சை அளிப்பார். அதற்கு ஈடாக ஆண்டு மானியம் பெறுவார். இந்திய அளவில் முன்மாதிரியான திட்டம் இது. சிற்றூருக்கு மருத்துவரைக் கொண்டு சேர்ப்பதே அதன் கவலை. மருத்துவரைத் தேடிப் புதிய அறிவு அச்சிற்றூருக்கு எவ்வாறு வரும் என்பது வேறொரு கவலை.

இதற்கிடையில் எல்.எம்.பி. மருத்துவரின் தகுதியே கேள்விக்குள்ளாயிற்று. 1933ஆம் ஆண்டின் இந்திய மருத்துவக் கழகச் சட்டம் பட்டதாரிகளை மட்டுமே தன் எல்லைக்குள் கொண்டு, பள்ளி மருத்துவர்களை வெளியே நிறுத்தியது. நாட்டின் மருத்துவர்களுள் பெரும்பான்மையினர் அவர்களே என்பது அப்போது தடையாகத் தோன்றவில்லை. போர்க்காலத்தில் சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்து 1946இல் அறிக்கை அளித்த குழுவின் கணக்குப்படி, பதிவுபெற்ற மருத்துவர் 47,524 பேர். அவர்களுள் பட்டதாரிகள் 17,654 பேர், பள்ளி மருத்துவர்கள் 29,870 பேர். ஏறத்தாழ ஐவருள் மூவர் 'குறைப்பட்ட' மருத்துவர்கள்.

சென்னை மாகாணம் இவ்வகையில் முந்திக்கொண்டது. 1937இல் இராஜாஜி அமைச்சரவையில் சுகாதாரத் துறையின் பொறுப்பை ஏற்றவர் தி.சே.செள. இராஜன். 1938 சூலையில் ஸ்டான்லி மருத்துவப் பள்ளி கல்லூரியாக உயர்த்தப்பட்டது. இராஜன் பயின்ற இராயபுரம் பள்ளியின் வழித்தோன்றல் அதுவே. மருத்துவக் கல்வி இனிப் பல்கலைக்கழகப் பட்டத்தோடுதான் என்ற நிலைப்பாட்டை அரசு எடுத்தது. தாம் நுழைந்து வந்த வாயிலைத் தாமே மூடிய அமைச்சர் என்று இராஜனைக் குறிப்பிடுவதில் மிகையில்லை. அதனை நன்றி மறந்த செயலாகக் கொள்வது பொருந்தாது. பள்ளிச் சான்றோடு நின்றிருந்தால் தமக்கு என்ன நேர்ந்திருக்கும் என்பதை அவரைவிட நன்கு அறிந்தவர் அந்த அமைச்சரவையில் எவருமில்லை. அடுத்த தலைமுறை மருத்துவர் கடல் கடக்காமலே முழுத்தகுதி பெற வேண்டும் என்று அவர் கருதியிருந்தால் அது இயல்பே. 1939ஆம் ஆண்டின் சென்னைப் பொதுச் சுகாதாரச் சட்டம், இந்தியாவில் அவ்வகையில் முதலாவது, இவர் பொறுப்பில் இருந்த காலத்திலேயே நிறைவேறியது என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

எனினும் இத்தீர்வு சிக்கலை ஒரு முனையில் மட்டுமே தொட்டது. நுழைவாயிலில் தரத்தை உயர்த்தினால் உள்ளே வருவோர் அனைவரும் தரமுடையவராயிருப்பர் என்பது அதன் உள்ளுறை. ஏற்கெனவே உள்ளே இருந்து, முசிறியிலும் துறையூரிலும் நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தோர் கற்பது எங்ஙனம்? விரும்பிய எல்.எம்.பி. மருத்துவர்கள் சுருக்கப் படிப்பின் வழி பட்டம் பெற வகைசெய்யப்பட்டது. அதற்கும் சிகிச்சையகத்தைப் பூட்டிவிட்டு நகரம் போக வேண்டியிருந்தது. இராஜனின் கப்பல் பயணம் இரயில் பயணமாகச் சுருங்கியது என்பதே வேறுபாடு.

போர் குழு பள்ளி மருத்துவர் முறையை ஒழிக்கவும், எல்லோருக்கும் பொதுவான 'அடிப்படை மருத்துவர்' ஒருவரை உருவாக்கவும் பரிந்துரைத்தது. உறுப்பினர் சிலர் இதற்கு உடன்படாமல் மாற்றுக் குறிப்பு எழுதினர். தொழிலில் உள்ளோருக்கான புத்தறிவுப் பயிற்சி குறித்தும் அவ்வறிக்கை பேசியது. அக்குழுவின் பிற பரிந்துரைகள் மேற்கோள் காட்டப்படும் அளவுக்கு இப்பகுதி எவராலும் மேற்கோள் காட்டப்படுவதில்லை.

1938ஆம் ஆண்டின் முடிவு வேலூரில் ஏற்படுத்திய விளைவும் இங்குக் குறிக்கத்தக்கது. ஐடா ஸ்கடர் 1918இல் பெண்களுக்கெனத் தொடங்கிய மருத்துவப் பள்ளி எல்.எம்.பி. கல்வியே அளித்து வந்தது. அரசின் புதிய நிலைப்பாட்டால் அப்பள்ளி ஒன்று கல்லூரியாக வேண்டும், அன்றேல் மூடப்பட வேண்டும் என்ற நெருக்கடிக்குள்ளாயிற்று. பெருமுயற்சியின் பின் 1942இல் எம்.பி.பி.எஸ். வகுப்பு தொடங்கியது, 1947இல் ஆண்களும் சேர்க்கப்பட்டனர். இவ்வரலாற்றில் வேலூர் மீண்டும் வரும்.

மானிப்பாயின் மாற்றுவழி

ஊரை விட்டுச் செல்லாமல் கற்பது இயலுமா என்ற வினாவுக்குத் தமிழுலகில் ஒரு விடை 19ஆம் நூற்றாண்டிலேயே கிடைத்திருந்தது. அது காவிரிக் கரையில் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் கிடைத்தது. அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன் (1822-1884) 1847இல் யாழ்ப்பாணம் வந்து முதலில் ஆங்கில வழியிலேயே மருத்துவம் கற்பித்தார். தம் மாணவர்கள் அரசுப் பணி தேடி வெளியூர்களுக்குச் சென்றுவிடுவதைக் கண்டார். தமிழில் கற்பவர் தமிழ்ச் சிற்றூரில் நிலைப்பர் என்று துணிந்து 1864 முதல் தமிழ்வழிக் கல்விக்கு மாறினார்.

கிறீனைப் பற்றி அறிவியல் தமிழ் ஆய்வாளர் மிகுதியாக எழுதியுள்ளனர். அவர் உருவாக்கிய கலைச்சொற்களே பெரும்பாலும் அவ்வாய்வுகளின் பொருள். 'இரணவைத்தியம்' (1867), 'மனுஷ அங்காதிபாதம்' (1872), 'வைத்தியாகரம்' (1872), 'கெமிஸ்தம்' (1875), 'மனுஷ சுகரணம்' (1883) ஆகிய நூல்களின் சொல்லாக்கம் ஆராயத்தக்கதே. ஆயினும் அந்நூல்களுக்கு இன்னொரு பயன் இருந்தது. வகுப்பறையை விட்டு வெளியேறிய மாணவன் தன் ஊரில் தனித்திருந்து, ஐயம் எழும்போது எடுத்துப் பார்க்கக்கூடிய துணையாசிரியர்கள் அவை. கிறீன் 1873இல் அமெரிக்கா திரும்பிய பின்னும் மசாசூசெட்ஸிலிருந்து தமிழ் நூற்பணியைத் தொடர்ந்தார். ஆசிரியர் மாணவரைப் பிரிந்து பல்லாயிரம் மைல் தொலைவில் இருந்துகொண்டு, தபால் வழி வந்து போகும் கைப்படிகளைத் திருத்தி, அச்சான நூல் வழி அவர்களுக்குக் கற்பித்தார் என்றால், தொலைதூரத் தொடர்கல்வி என்று இன்று நாம் வழங்கும் பெயர் அதற்குப் பொருந்தாதா என்று கேட்கத் தோன்றுகிறது.

இம்முயற்சி கிறீனுக்குப் பின் நீடிக்கவில்லை. இலங்கை அரசின் மருத்துவக் கல்வி ஆங்கிலத்தில் நிலைபெற்றது. தமிழகத்திலும் மேனாட்டு மருத்துவம் ஆங்கிலத்திலேயே கற்பிக்கப்பட்டது. கலைச்சொல்லாக்கத்தின் தோல்வி என்று இதனைக் கூறுவது சரியன்று. ஆங்கிலப் பட்டம் கொடுத்த இடப்பெயர்ச்சியைத் தமிழ்க் கல்வி கொடுக்கவில்லை என்பதே காரணம். ஊரிலேயே நிலைக்கச் செய்யும் கல்வியை ஊரை விட்டு உயர விரும்பியவர் ஏன் நாடுவார்?

காசநோய் கற்பித்த பாடம்

1950களில் சென்னையிலேயே ஒரு பெரும் மருத்துவ உண்மை நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலகச் சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து 1956இல் சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தை அமைத்தன. காசநோயாளிகளுள் ஒரு சாராரைச் சானடோரியத்தில் வைத்தும், மற்றொரு சாராரை அவர்தம் வீட்டிலேயே வைத்தும் ஓராண்டு ஒரே மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டனர். 1959இல் முடிவு வெளிவந்தது. நெருக்கடியான குடியிருப்பில், குறைந்த உணவோடு, வீட்டில் இருந்தவரும் சானடோரியத்தில் ஓய்வும் ஊட்டமும் பெற்றவருக்கு ஏறத்தாழ நிகராகவே தேறினர். வீட்டில் இருந்ததால் குடும்பத்தாருக்குத் தொற்று மிகவுமில்லை. உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையின் போக்கை இவ்வாய்வு மாற்றியது.

இதன் பொருளைச் சிற்றூரிலிருந்து பார்க்க வேண்டும். சானடோரியம் என்பது நோயாளி ஊரை விட்டுச் செல்லும் சிகிச்சை. அது தேவையில்லை என்றானபோது காசநோய் துறையூர்க் கடைத்தெரு மருத்துவரின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அரசுத் திட்டம் ஒருபுறம் இயங்கினாலும், இருமலோடு வருபவர் முதலில் நாடுவது அருகில் உள்ள தனியார் மருத்துவரையே. எந்த மருந்தை எவ்வளவு, எத்தனை மாதம், எந்த மருந்தோடு சேர்த்துத் தருவது என்ற அறிவு இப்போது அவருடைய கையில் இருக்க வேண்டும். நோயாளி ஊரிலேயே தங்கினார். அவரைக் குணப்படுத்தும் அறிவு அங்கே வந்து சேர்ந்ததா?

இதற்கான கசப்பான விடை மும்பையிலிருந்து வந்தது. அந்நகரின் தாராவிப் பகுதியில் தனியார் மருத்துவரிடையே நடத்தி 1991இல் வெளியான ஆய்வொன்று, ஏறத்தாழ 100 மருத்துவர்கள் காசநோய்க்கு 80 வெவ்வேறு மருந்துமுறைகளை எழுதியதாகக் கண்டது. அவற்றுள் பல பொருத்தமற்றவை. வளம்மிக்க நகரில், மருத்துவக் கல்லூரிகள் கண்ணுக்கெட்டும் தொலைவில் இருந்த இடத்தில் நிலை இதுவாயின், தொலைவு மட்டுமே தடை என்று கூற இயலாது. பொது மருத்துவரைத் தொடர்ந்து கற்பிக்கும் கடமை எந்த அமைப்புக்கும் முதற்கடமையாக இல்லாதிருந்தது. மருந்து நிறுவனப் பிரதிநிதி மட்டும் தவறாமல் வந்துகொண்டிருந்தார். பொது மருத்துவரின் மிக ஒழுங்கான ஆசிரியர் அவரே என்று கூறுவது வருந்தத்தக்கது, ஆனால் பொய்யன்று.

மணிக்கணக்கும் மருத்துவமும்

பொது மருத்துவரே தமக்கெனக் கல்வி அமைப்பை உருவாக்கிக்கொள்ளும் இயக்கம் இரண்டாம் உலகப் போருக்குப் பின் பல நாடுகளில் தோன்றியது. அமெரிக்காவில் 1947இல் உருவான பொது மருத்துவர் கழகம், உறுப்பினர் மூவாண்டுக்கு 150 மணி நேரம் கற்றாக வேண்டும் என விதித்தது. பிரித்தானியாவில் 1952இல் பொது மருத்துவர் கல்லூரி அமைந்தது. இந்தியாவில் இந்திய மருத்துவச் சங்கம் 1963இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு பொது மருத்துவர் கல்லூரியை நிறுவியது. தலைமையிடம் சென்னையாக அமைந்தது தமிழகப் பொது மருத்துவருக்கு ஒரு வாய்ப்பு. எனினும் அதன் உறுப்பினராவதும் அதன் வகுப்புகளுக்குச் செல்வதும் விருப்பத்தைப் பொறுத்தவை.

பிரித்தானியக் கல்லூரியின் முதல் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் யார் என்பது நம் பொருளுக்கு ஒளி தருவது. வில்லியம் பிக்கிள்ஸ் என்ற அவர் யார்க்ஷயரின் ஒதுக்கமான பள்ளத்தாக்கொன்றில் ஐஸ்கார்த் என்னும் சிற்றூரில் மருத்துவம் செய்தவர். எந்த வீட்டில் யாருக்கு எந்த நாளில் காய்ச்சல் கண்டது, அதற்கு முன் அவர் யாரைச் சந்தித்தார் என்பதையெல்லாம் ஆண்டுக்கணக்கில் குறித்துவைத்து, தொற்றுநோய்களின் அடைகாலத்தைக் கணித்தார். பெருநகர மருத்துவமனையில் இருந்து இக்கணக்கைப் போட்டிருக்க முடியாது. எல்லோரும் எல்லோரையும் அறிந்த சிற்றூரில் மட்டுமே தொற்றின் வழியைத் தடம் பிடிக்க இயலும். 1939இல் நூலாக வெளிவந்த அப்பதிவுகள் அவரைப் புகழடையச் செய்தன. சிற்றூர் மருத்துவர் அறிவைப் பெறுபவர் மட்டுமல்லர், தருபவரும் ஆவார் என்ற எண்ணம் அவரைத் தலைவராக்கிய முடிவில் அடங்கியுள்ளது. நம் தொடர்கல்வி ஏற்பாடுகளில் இல்லாதிருப்பது பெரும்பாலும் இந்த எண்ணமே. பச்சைமலையின் காய்ச்சலை ஆண்டு முழுதும் பார்ப்பவர் ஞாயிற்றுக்கிழமைக் கருத்தரங்கில் பின்வரிசையில் அமர்ந்து கேட்பவராகவே இருக்கிறார்.

இந்திய மருத்துவக் கழகத்தின் 2002ஆம் ஆண்டுத் தொழில்நெறி விதிகள், மருத்துவர் ஐந்தாண்டுக்கு ஒருமுறை குறைந்தது 30 மணி நேரம் தொடர்கல்வி நிகழ்ச்சிகளில் பங்கேற்க வேண்டும் என்றன. ஆண்டுக்கு ஆறு மணி நேரம். 1947இன் அமெரிக்கக் கணக்கோடு ஒப்பிட்டால் எட்டில் ஒரு பங்கு. அளவு குறைவு என்பதைவிட அலகு எது என்பதே கவனிக்கத்தக்கது. மணி நேரம் அளக்கப்படுகிறது, கற்றது அளக்கப்படவில்லை. இதய இரத்தக்குழாய் அடைப்பை நீக்கும் புதிய கருவி பற்றிய உரையைக் கேட்ட இரண்டு மணி நேரமும், பாம்புக்கடிச் சோதனையைக் கையால் செய்து பழகிய இரண்டு மணி நேரமும் ஏட்டில் ஒன்றே. துறையூர் மருத்துவருக்கு அவை ஒன்றல்ல. முதலாவது அவர் தம் நோயாளியைத் திருச்சிராப்பள்ளிக்கு அனுப்பும் முகவரியைக் கற்பிக்கிறது. இரண்டாவது அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டியதைக் கற்பிக்கிறது.

இந்நிகழ்ச்சிகளுக்குப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற வினாவை நெடுங்காலம் யாரும் உரக்கக் கேட்கவில்லை. 2009 டிசம்பரில் செய்யப்பட்ட திருத்தம், மருந்து நிறுவனங்களிடமிருந்து பரிசு, பயணச் செலவு, விருந்தோம்பல் ஆகியவற்றை மருத்துவர் ஏற்பதைத் தடுத்தது. நல்ல விதியே. ஆனால் ஒரு புரவலரை விலக்கியபோது அவ்விடத்தில் அரசோ பல்கலைக்கழகமோ புரவலராக வந்து நிற்கவில்லை. அவ்விடத்தை எளிதில் நிரப்பக்கூடியவை நகரத்துத் தனியார்ப் பெருமருத்துவமனைகள். அவை நடத்தும் வகுப்பு நல்ல பாடமாகவும் இருக்கலாம், நல்ல விளம்பரமாகவும் இருக்கலாம். கேட்பவருக்கு இரண்டையும் பிரித்தறிவது எளிதன்று.

கல்லூரி வந்த பின்னும்

தமிழகத்தின் பெருநகரங்களுள் ஒன்றாகிய திருச்சிராப்பள்ளிக்கு 1997 வரை மருத்துவக் கல்லூரி இல்லை என்பது இன்றைய மாணவருக்கு வியப்பளிக்கலாம். மதுரை 1954இல் பெற்றது. தஞ்சாவூர் 1950களின் இறுதியில் பெற்றது. இவ்விரண்டுக்கும் இடையில் இருந்ததே திருச்சிராப்பள்ளிக்குப் பாதகமாயிற்றோ என்று எண்ண இடமுண்டு. 1997இல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரிக்குக் கி.ஆ.பெ. விசுவநாதம் (1899-1994) பெயர் சூட்டப்பட்டது. முத்தமிழ்க் காவலர் எனப் பெற்ற அவர் மேனாட்டு மருத்துவர் அல்லர். சித்த மருத்துவத்தின் ஆதரவாளர். 'தமிழ் மருந்துகள்' என்ற நூலின் ஆசிரியர். கல்லூரியின் பெயர்ப்பலகையில் தமிழ் மருந்தும் வகுப்பறையில் ஆங்கில மருந்தும் இருப்பதை முரண் என்று கொள்வோர் உண்டு. பொதுமக்கள் வீட்டில் இரண்டையும் ஒருங்கே வைத்திருப்பதால் அவர்களுக்கு இது முரணாகத் தோன்றுவதில்லை.

கல்லூரி வந்ததால் துறையூருக்கு நேர்ந்த மாற்றம் இருவகைப்பட்டது. கடும் நோயாளிகளை அனுப்பும் தொலைவு குறைந்தது. தஞ்சாவூருக்குச் செல்ல வேண்டியவர் இனித் திருச்சிராப்பள்ளியோடு நின்றனர். அதே வேளையில் அனுப்புவது எளிதானதால், அனுப்பாமல் இங்கேயே பார்க்கக்கூடியதை இங்கேயே பார்ப்பதற்கான தேவையும் குறைந்தது. அனுப்பப்பட்ட நோயாளிக்கு அங்கு என்ன கண்டறியப்பட்டது, என்ன சிகிச்சை தரப்பட்டது என்ற செய்தி அனுப்பிய மருத்துவருக்கு முறையாகத் திரும்பி வந்தால், அதைவிடச் சிறந்த தொடர்கல்வி வேறில்லை. தம் கணிப்பு சரியா, பிழையா என்பதை அவர் தம் நோயாளியின் வழியே அறிந்துகொள்வார். நோயாளி கையோடு கொண்டுவரும் வெளிச்செல்கைச் சீட்டு மட்டுமே இன்று அத்தகைய கடிதமாக இருக்கிறது. அதுவும் அவர் திரும்பி வந்தால்.

இங்கேதான் வேலூர் மீண்டும் வருகிறது. வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரி 2006 முதல் தொழிலில் உள்ள பொது மருத்துவருக்கெனக் குடும்ப மருத்துவத்தில் ஈராண்டுத் தொலைநிலைப் பட்டயப் படிப்பை நடத்தி வருகிறது. மருத்துவர் தம் சிகிச்சையகத்தை மூட வேண்டியதில்லை. அச்சிட்ட பாடத் தொகுதிகளை ஊரிலிருந்தே படிக்கிறார். காணொலி உரைகளைப் பார்க்கிறார். குறித்த நாள்களில் மட்டும் நேரடிப் பயிற்சிக்குச் செல்கிறார். குறைவாக அனுப்பு, மிகுதியாகத் தீர் என்பது அத்திட்டத்தின் முழக்கத்தின் கருத்து. பாடங்கள் நோயின் பெயரால் தொடங்குவதைவிட நோயாளி சொல்லும் முறைப்பாட்டால் தொடங்க வேண்டும் என்ற கொள்கை குடும்ப மருத்துவத்துக்கு அடிப்படையானது. சிற்றூர் மருத்துவரின் அறைக்குள் எவரும் நோயின் பெயரோடு நுழைவதில்லை. 1938ஆம் ஆண்டின் முடிவால் மூடப்படும் நிலைக்கு வந்த ஒரு பள்ளி, எழுபது ஆண்டுகளுக்குள், அம்முடிவு விடையளிக்காது விட்ட வினாவுக்கு விடை தேடியது என்பதை இராஜன் அறிந்திருந்தால் எவ்வாறு எடுத்துக்கொண்டிருப்பார் என்று எண்ணிப் பார்க்கலாம்.

இப்பாடங்களின் மொழி ஆங்கிலமே. அதில் குறை காண்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. நாடு முழுதும் உள்ள மருத்துவருக்கான படிப்பு அது. ஆயினும் சிற்றூர் மருத்துவர் நாள்தோறும் தமிழில் கேட்கிறார், தமிழில் விளக்குகிறார். 'வாய்வுப் பிடிப்பு', 'சூட்டு வலி', 'படபடப்பு' என்று நோயாளி கூறுவதை ஆங்கிலத்தில் கற்ற நோய்க்குறியோடு பொருத்தும் வேலையை அவர் ஒவ்வொரு நாளும் தனியே செய்கிறார். அந்தப் பொருத்தத்தை எந்தத் தொடர்கல்வி வகுப்பும் பாடமாக வைப்பதில்லை. கிறீன் விட்டுச்சென்ற இடத்திலிருந்து தமிழாய்வாளர் தொடரக்கூடிய பணி இது. கலைச்சொல் பட்டியல்களுக்கு அப்பால், நோயாளியின் சொல்லையும் மருத்துவரின் சொல்லையும் அருகருகே வைத்துத் துறையூர், பச்சைமலை போன்ற வட்டாரங்களின் வழக்கிலிருந்து தொகுத்தால், அது மொழியியலுக்கும் மருத்துவத்துக்கும் ஒருங்கே பயன்படும்.

2020இன் பெருந்தொற்று, இணையவழி வகுப்புகளை ஒரே ஆண்டில் எல்லா மருத்துவரின் கைப்பேசிக்கும் கொண்டு வந்தது. தொலைவு ஒரு தடையாக இருந்த காலம் ஒருவகையில் முடிந்துவிட்டது. 2023 ஆகஸ்டு 2 அன்று தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட புதிய தொழில்நெறி விதிகள் தொடர்கல்வியைப் பதிவுப் புதுப்பித்தலோடு பிணைத்தன. மருந்து நிறுவனங்களின் ஆதரவில் நடக்கும் கல்வி நிகழ்ச்சிகளில் மருத்துவர் பங்கேற்பதையும் தடுத்தன. மருத்துவர் அமைப்புகள் எதிர்த்தன. அதே மாதம் 23ஆம் நாள் அவ்விதிகள் நிறுத்தி வைக்கப்பட்டன. ஆகவே துறையூர்க் கடைத்தெருவில் சிகிச்சையகம் நடத்தும் மருத்துவரின் கற்றல் கடமை 2002ஆம் ஆண்டின் விதிக்கே திரும்பியது: ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம்.